தெரிந்ததைச் சோதித்துப் பார்க்கும் படிப்பு: சமூகவியலுக்குள் நுழைபவர்களுக்கு

இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அமெரிக்க ராணுவம் தன் படைவீரர்களின் மனநிலையை அறிவதற்காகவே ஓர் ஆய்வுப் பிரிவை வைத்திருந்தது. சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற சமூகவியலாளரின் வழிகாட்டலில் இயங்கிய அந்தப் பிரிவு, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களிடம் வினாத்தாள் கொடுத்துப் பதில் வாங்கியது. முடிவுகள் 1949இல் நூல் தொகுதிகளாக வெளிவந்தபோது, அவற்றுக்கு மதிப்புரை எழுதிய பால் லாசர்ஸ்ஃபெல்ட் ஒரு வேலை செய்தார். ஆய்வு கண்டறிந்தவை என்று சில வரிகளை அடுக்கினார். நன்கு படித்த வீரர்களிடம், அதிகம் படிக்காதவர்களைவிட மன உளைச்சலின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. கிராமப்புறங்களிலிருந்து வந்தவர்கள் நகரத்து வீரர்களைவிட உற்சாகமாக இருந்தார்கள். தென் மாநிலத்தவர் வெப்பத் தீவுகளின் தட்பவெப்பத்தை வட மாநிலத்தவரைவிட எளிதாகத் தாங்கினார்கள். சண்டை நடந்துகொண்டிருந்தவரை ஊர் திரும்பும் தவிப்பு மிகுந்திருந்தது, ஜெர்மனி சரணடைந்த பிறகு அது தணிந்தது.

இவற்றைப் படிப்பவருக்கு ஒவ்வொன்றுக்குமான காரணம் தானாகவே தோன்றிவிடும். படித்தவருக்கு மனம் சட்டென்று நொந்துபோகும், கிராமத்து ஆள் கஷ்டத்துக்குப் பழகியவர், வெயிலில் பிறந்தவருக்கு வெயில் என்ன செய்யும், சாவு எதிரே நிற்கும்போது யாருக்குத்தான் வீட்டு நினைப்பு வராது. இதைச் சொல்வதற்கா இத்தனை பணமும் காலமும் என்ற எரிச்சலும் கூடவே வரும். அந்த எரிச்சல் எட்டிப் பார்க்கும் நேரத்தில் லாசர்ஸ்ஃபெல்ட் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: மேலே சொன்ன ஒவ்வொன்றும் ஆய்வில் தெரியவந்ததற்கு நேர் எதிரானது. முதலிலேயே உண்மையான முடிவுகளைச் சொல்லியிருந்தாலும் அவற்றுக்கும் நம்மிடம் காரணங்கள் தயாராக இருந்திருக்கும். அவற்றையும் இது ஊரறிந்த சேதிதானே என்று தள்ளியிருப்போம்.

சமூகவியலை முதன்முதலாகப் படிக்க வருபவருக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை என்பது என் எண்ணம். வேதியியல் வகுப்புக்குள் நுழைபவர் மூலக்கூறுகளைப் பற்றிச் சொந்தக் கருத்தோடு வருவதில்லை. சமூகவியல் வகுப்புக்கு வருபவரோ குடும்பம், வேலை, ஏழ்மை, குற்றம், கல்வி என எல்லாவற்றைப் பற்றியும் முடிவான அபிப்பிராயங்களோடுதான் வருகிறார். பதினெட்டு ஆண்டுகள் மனிதர்களுக்கு நடுவே வாழ்ந்தவருக்கு அப்படி இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. இந்தத் துறை எளிது என்ற பெயர் பெற்றதற்கும், உண்மையில் கடினமாக இருப்பதற்கும் காரணம் இது ஒன்றேதான். தெரியாததைக் கற்பதைவிட, தெரியும் என்று நம்புவதைக் கையிலெடுத்துச் சோதிப்பது சிரமமான காரியம்.

சுருங்கச் சொன்னால், மனிதர்கள் ஒன்றுசேர்ந்து வாழ்வதால் உருவாகும் ஒழுங்குகளை ஆராய்வதே சமூகவியல். தனிமனிதரின் உள்ளத்தை உளவியல் ஆராய்கிறது. உற்பத்தியையும் பரிமாற்றத்தையும் பொருளியல் ஆராய்கிறது. சமூகவியல் எடுத்துக்கொள்வது மனிதர்களுக்கு இடையில் இருப்பதை: குடும்பம், பள்ளி, மதம், அலுவலகம் போன்ற நிறுவனங்கள், யார் மேலே யார் கீழே என்ற அடுக்குகள், எழுதப்படாத விதிகள். வரையறை இவ்வளவுதான். பாடநூல்கள் இதைப் பல பக்கங்களுக்கு நீட்டும். தேர்வுக்கு அது பயன்படலாம், ஆனால் துறையின் சுவை தெரிய வேண்டுமானால் அது என்ன செய்தது என்று பார்ப்பதே வழி.

பார்க்க வேண்டிய முதல் வேலை பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமுடையது. மனிதர் செய்யக்கூடியவற்றில் மிகவும் அந்தரங்கமானது, பிறர் கை எட்டாதது என்று எதைச் சொல்லலாம்? தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வதைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். 1897இல் வெளியான தன் நூலுக்கு துர்கைம் அதையே பொருளாக எடுத்துக்கொண்டார். ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளைப் பார்த்தபோது, தற்கொலை விகிதம் ஒரு நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதையும், நாட்டுக்கு நாடு அது வேறுபடுவதையும், அந்த வேறுபாடு நீடிப்பதையும் அவர் கண்டார். புராட்டஸ்டன்டுகளிடையே அது கத்தோலிக்கர்களிடையே இருந்ததைவிட அதிகம். மணமாகாதவர்களிடையே, ஒத்த வயதுடைய மணமானவர்களிடையே இருந்ததைவிட அதிகம். போர்க்காலங்களில் அது குறைந்தது. ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் தனித்தனியான துயரக்கதை இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இறந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு மனிதர்களாக இருக்கும்போது விகிதம் மட்டும் நிலையாக நிற்குமானால், அந்த நிலைத்தன்மைக்கான காரணத்தைத் தனிமனிதர்களுக்குள் தேடிப் பயனில்லை. மனிதர்கள் தங்களைச் சுற்றியுள்ள கூட்டத்தோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறார்கள் என்பதில் அவர் காரணத்தைத் தேடினார்.

அந்த நூலுக்குப் பின்னால் இருந்த உழைப்பை மாணவர்களிடம் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும். வயது, பால், மணநிலை, பிள்ளைகள் உண்டா இல்லையா என்று வகைப்படுத்துவதற்காக ஏறத்தாழ 26,000 மரணங்களின் பதிவுகளை ஒருவர் உட்கார்ந்து பிரித்தார். அவர் துர்கைமின் சகோதரி மகன் மார்செல் மோஸ். பின்னாளில் தாமே பெரிய மானிடவியல் அறிஞராக அறியப்பட்டவர். அந்தப் பதிவுகளைப் பார்க்க வழிசெய்து கொடுத்தவரோ, பிரெஞ்சு நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவிலிருந்த கப்ரியேல் தார்த். அந்நூலிலேயே துர்கைம் கடுமையாக மறுத்து எழுதும் அறிஞர் அவர்தான்.

ஆனால் துர்கைமின் நூல் கேள்விக்கு அப்பாற்பட்டதாக நிற்கவில்லை. பதிவேட்டில் ஒரு மரணம் தற்கொலை என்று எழுதப்படுவதற்கு முன்னால் ஓர் அதிகாரி அப்படி முடிவு செய்தாக வேண்டும். குடும்பத்தின் மானம் கருதி, மதத்தின் கண்டிப்புக்கு அஞ்சி, அதை விபத்து என்று எழுதிவிடும் வழக்கம் ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் இருந்தால், துர்கைம் அளந்தது மரணங்களையா, எழுதும் வழக்கத்தையா? 1967இல் ஜாக் டக்ளஸ் இந்தக் கேள்வியை விரிவாக எழுப்பினார். ஓர் எண்ணைப் பார்த்தவுடன் இதை எழுதியவர் யார், எதை எந்தப் பெட்டியில் போட்டார் என்று கேட்கும் பழக்கம் ஒரு மாணவருக்கு வந்துவிட்டால், பட்டப்படிப்பின் பாதியை அவர் முடித்துவிட்டார் என்றே சொல்லலாம்.

துறையின் வரலாற்றை நீட்டி முழக்கத் தேவையில்லை. வட ஆப்பிரிக்க அறிஞர் இப்னு கல்தூன் 1377இலேயே, அரசுகள் எழுவதையும் வீழ்வதையும் குழுக்களின் உள்ளிணைப்பைக் கொண்டு விளக்கினார். சமூகவியல் என்ற பெயரை 1830களின் இறுதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரான்சின் ஒகுஸ்த் கோம்த். சமூக இயற்பியல் என்றுதான் அவர் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். பெல்ஜியப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதால் புதுச் சொல் ஒன்றை ஆக்க வேண்டியதாயிற்று. சிகாகோ பல்கலைக்கழகம் 1892இல் தனித்துறையைத் தொடங்கியது. மார்க்ஸ், துர்கைம், வெபர் என்ற மூவரை மும்மூர்த்திகளாக நிறுத்தும் வழக்கம் பின்னால் வந்தது. அந்த வரிசையில் நீண்டகாலம் இடம் மறுக்கப்பட்ட அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ், பிலடெல்பியாவின் ஏழாம் வட்டாரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதிய ஆய்வு 1899இல் வெளிவந்தது. கறுப்பின மக்களின் ஏழ்மைக்கு அவர்களுடைய இயல்பே காரணம் என்ற அன்றைய பொதுப்புத்தியை அவர் கணக்கெடுப்பைக் கொண்டே எதிர்கொண்டார். என்னைக் கேட்டால், புதிய மாணவர் மும்மூர்த்திகளுக்கு முன்பே இவரைப் படித்துவிட வேண்டும்.

ஸ்டௌஃபரின் ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. ராணுவத்தின் விமானப் பிரிவில் பதவி உயர்வு வேகமாகக் கிடைத்தது. ராணுவக் காவல் பிரிவில் அது மிகவும் அரிது. எந்தப் பிரிவினர் பதவி உயர்வு முறையைப் பற்றி அதிகம் குறைப்பட்டார்கள் என்று கேட்டால், காவல் பிரிவினர்தான் என்று யாரும் சொல்வார்கள். அதிகம் குறைப்பட்டவர்கள் விமானப் பிரிவினர். பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லாரும் உயர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் உயராமல் இருப்பது உறுத்துகிறது. யாருமே உயராத இடத்தில் அது உறுத்துவதில்லை. ஒப்பீட்டு இழப்புணர்வு என்று துறை இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. மனநிறைவு என்பது நமக்குக் கிடைத்த அளவைப் பொறுத்ததல்ல, நாம் யாரோடு நம்மை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது என்ற இந்தக் கருத்து, சம்பளப் பேச்சிலிருந்து கிளர்ச்சிகள் வெடிக்கும் காலம்வரை எத்தனையோ இடங்களில் பயன்படுகிறது.

இந்தப் பார்வையை ஒரு முறையாகவே எழுதிக் காட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலையில்லை என்றால், அவருடைய குணத்தையும் திறனையும் பார்ப்பது சரி. ஐந்து கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால், ஒன்றரைக் கோடிக் குணங்களை ஆராய்ந்து கொண்டிருப்பதில் பொருளில்லை. 1959இல் அவர் தந்த இந்த எடுத்துக்காட்டு இன்றும் முதல் பாடத்தில் வருவதற்குக் காரணம், இது நம் பழக்கத்தின் திசையை மாற்றுகிறது என்பதே. தோல்வி நேர்ந்தால் தன்னையோ பிறரையோ குற்றம் சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். இதே தோல்வி எத்தனை பேருக்கு, எந்தப் பிரிவினருக்கு, எந்தக் காலத்தில் நேர்ந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அப்படிக் கேட்பதை ஒரு சோதனையாகவே நடத்திக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2001இல், மாணவியாக இருந்த டேவா பேஜர், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நான்கு இளைஞர்களை வேலை தேட அனுப்பினார். இருவர் வெள்ளையர், இருவர் கறுப்பர். வயதிலும் தோற்றத்திலும் பேச்சிலும் ஒத்திருந்த அவர்களுக்குத் தகுதிகளும் ஒரே மாதிரி எழுதித் தரப்பட்டன. ஒவ்வொரு இணையிலும் ஒருவர், போதைப்பொருள் வழக்கில் சிறை சென்று வந்தவராகத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு வாரம் இந்தப் பாத்திரத்தை இருவரும் மாற்றிக்கொள்வார்கள், ஆகவே ஒருவருடைய முகராசிதான் காரணம் என்று சொல்ல இடமில்லை. மொத்தம் 350 முதலாளிகளிடம், அனுபவம் கேட்காத தொடக்கநிலை வேலைகளுக்கு விண்ணப்பித்தார்கள். திரும்ப அழைப்பு வந்ததைக் கணக்கிட்டபோது, குற்றப்பதிவு இல்லாத வெள்ளையருக்கு 34 விழுக்காடும், குற்றப்பதிவு உள்ள வெள்ளையருக்கு 17 விழுக்காடும், குற்றப்பதிவு இல்லாத கறுப்பருக்கு 14 விழுக்காடும், குற்றப்பதிவு உள்ள கறுப்பருக்கு 5 விழுக்காடும் வந்திருந்தன. இரண்டாவது எண்ணையும் மூன்றாவது எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு வந்த அழைப்பைக்கூட, எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பர் எட்டவில்லை.

இந்த எண்களை ஒரு தனி விண்ணப்பதாரரால் ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்குக் கிடைப்பது பதில் வராத மௌனம் மட்டுமே. தன்னைவிடத் தகுதியானவர் கிடைத்திருப்பார் என்றோ, தான் நேர்காணலில் தடுமாறிவிட்டோம் என்றோ எண்ணிக்கொள்வார். தனக்கு நேர்ந்ததை அருகிலிருந்து அறிந்தவருக்கே அதன் காரணம் தெரியாமல் போகும் இந்த நிலைமைக்காகத்தான் ஒப்பிடும் ஆய்வு தேவைப்படுகிறது. அனுபவமே பெரிய ஆசான் என்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ஆள் இல்லாத அனுபவத்துக்கு அந்தத் தகுதி இல்லை.

வேலை என்ற பொருளிலேயே நம் எதிர்பார்ப்பைக் கவிழ்க்கும் இன்னொரு கண்டுபிடிப்பு அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டருடையது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்துவந்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடு, எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. உயிர் நண்பர்கள் உதவ மனமில்லாமல் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த செய்திகள் ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். வேறொரு வட்டத்தில் புழங்கும் அரைகுறை அறிமுகக்காரர்தான் புதிய செய்தியைக் கொண்டுவருகிறார். 1973இல் வெளியான இந்தக் கட்டுரை, சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று.

இதுவரை சொன்னவற்றைப் பார்த்து, சமூகவியல் என்றால் எண்ணுவது மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் வலியுறுத்தியது போல, மனிதர் தாம் செய்வதற்குத் தாமே ஒரு பொருள் கொடுத்துக்கொள்கிறார். அந்தப் பொருளைப் புரிந்துகொள்ளாமல் செயலை விளக்கிவிட முடியாது. ஒருவர் கையை உயர்த்தினால் அது வணக்கமா, மிரட்டலா, ஏலத்தில் விலை கேட்பதா என்பதை அந்த அசைவை அளந்து அறிய இயலாது. அதனால்தான் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் தெருமுனையிலும் உடனிருந்து பார்க்கிறார்கள், மணிக்கணக்கில் பேச வைத்துக் கேட்கிறார்கள். எண்ணுகிறவர்களும் உடனிருந்து பார்க்கிறவர்களும் ஒருவரையொருவர் இளக்காரமாகப் பேசிக்கொள்ளும் வழக்கம் துறைக்குள் உண்டு. புதிய மாணவர் அந்தச் சண்டையில் கட்சி சேர அவசரப்பட வேண்டாம்.

எண்களிலும் ஒரு படுகுழி இருக்கிறது. டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் காட்டியது அது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக இருந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. அப்படியானால் குடியேறியவர்கள் எழுத்தறிவில் மேம்பட்டவர்கள் என்று முடிவுகட்டலாமா? ஆளுக்கு ஆள் பார்த்தால், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குடியேறியவர்களிடையேதான் சற்றுக் கூடுதல். ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்திருந்த மாநிலங்களில் அவர்கள் சென்று குடியேறியதால் மாநிலக் கணக்கு தலைகீழாகத் தெரிந்தது. குழுவைப் பற்றிய எண்ணைத் தனிமனிதர் மேல் ஏற்றுவது சமூகவியல் படித்தவர்களே செய்யும் பிழை. செய்தித்தாள்களில் அது நாள்தோறும் நடக்கிறது. இந்தத் துறை ஒரு பிரிவினரைப் பற்றிச் சொல்வதை வைத்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பலான பதில் சொல்லக் கூடாது. மருத்துவமோ சட்டமோ தருவது போன்ற தொழில் உரிமத்தை இந்தப் பட்டம் தராது. கருத்துக்கணிப்பு, பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல், மனிதவளம், இதழியல், சமூகப்பணி, அரசின் கொள்கை ஆய்வு ஆகியவற்றில் இது பயன்படும். பல இடங்களில் மேற்படிப்போ வேறொரு திறனோ சேர்ந்தால்தான் கதவு திறக்கும். ஆகவே புள்ளியியல் தாளைக் கண்டு ஓடும் மாணவர், தன் கையிலிருக்கும் மிக நல்ல கருவியைத் தானே கீழே போடுகிறார். மற்றொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்தப் படிப்பு கொஞ்சம் நிம்மதியைக் கெடுக்கும். தன் உழைப்பால் மட்டுமே கிடைத்தது என்று எண்ணியிருந்த ஒன்றில், தான் பிறந்த வீட்டுக்கும் பள்ளிக்கும் பெற்றோரின் பேச்சு மொழிக்கும் எவ்வளவு பங்கு என்று தெரியவரும்போது சிலருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் வந்தால் பாடம் சரியாகவே போய்க்கொண்டிருக்கிறது.

தொடங்க விரும்புபவர் புத்தகம் வாங்குவதற்கு முன் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கலாம்; களப்பணி வகுப்புகளின் முதல் வாரப் பயிற்சியும் பெரும்பாலும் இந்த வகையானதே. மக்கள் வரிசையில் நிற்கும் ஏதேனும் ஒரு பொது இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதுங்கள். யார் யாருக்கு இடம் விட்டார்கள், வரிசையை மீறியவரை யார் தட்டிக்கேட்டார், எந்தச் சொற்களில் கேட்டார், யாரை ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பக்கங்களை எடுத்து, கண்ணால் கண்டதை ஒரு நிறத்திலும் நீங்களாக ஊகித்ததை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். “அவர் கோபப்பட்டார்” என்பது ஊகம். “குரலை உயர்த்தி ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார்” என்பது கண்டது. முதல் முறை செய்யும்போது இரண்டாவது நிறம்தான் பக்கம் முழுவதும் நிறைந்திருக்கும். மறுநாள் அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு, அந்தக் குறிப்பேட்டோடு மறுபடியும் போங்கள்.